பிரிண்ட் சர்வரின் லாக் கோப்பைப் படித்த அனுபவங்கள்: வேலூர், ஆம்பூர், வாலாஜா பக்கத்தினர் பகிரலாம்

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

பிரிண்டர் இடக்குச் செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். பிரிண்டர் ஒழுங்காக ஓடி, பேப்பர் மட்டும் கரைந்துகொண்டே போனால் யாரைக் கூப்பிடுவது? காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புராஜெக்ட் அறிக்கை கொடுக்கும் பருவத்தில், ஆய்வகத்து லேசர் பிரிண்டருக்கென்று வாங்கிவைத்த ரீம்கள் செமஸ்டர் முடியும் முன்பே தீர்ந்துவிட்டன. அலுவலகத்திலிருந்து குறிப்பு வந்தது: "யார் எடுத்தது என்று லாக்கில் இருக்குமே, பார்த்துச் சொல்லவும்."

இருக்கும்தான். எல்லாக் கணினியிலிருந்தும் வரும் பிரிண்ட் வேலைகளை வாங்கி பிரிண்டருக்கு அனுப்புவது பிரிண்ட் சர்வர்; நடந்ததை அது தானாக எழுதிவைக்கும் பதிவேடுதான் லாக். ஆனால் லாக்கில் இருப்பது எது, இல்லாதது எது என்று தெரியாமல் திறந்தால் யாராவது ஓர் அப்பாவி மாட்டிக்கொள்வான்.

எங்கள் சர்வர், உபுண்டு என்ற லினக்ஸில் ஓடும் கப்ஸ் (CUPS) என்ற பிரிண்ட் மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் எழுதி 1999இல் வெளிவந்தது, 2007இல் ஆப்பிள் கைக்குப் போனது. லினக்ஸ் உலகில் பிரிண்ட் என்றால் இன்றும் அதுதான். அது மூன்று கோப்புகளை எழுதுகிறது: ஆக்சஸ் லாக், எரர் லாக், பேஜ் லாக். பெயரைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் எரர் லாகைத்தான் முதலில் திறக்கிறார்கள். பேப்பர் கணக்குக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. வேண்டியது பேஜ் லாக். இப்போதைய கப்ஸில் அதன் வடிவத்தை அமைப்புக் கோப்பில் நாமே எழுதிக் கொடுத்தால்தான் அதில் வரிகள் சேரும். இல்லையென்றால் காலியாகவே கிடக்கும். எங்களிடம் முன்பிருந்தவர் புண்ணியத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. எண்களை மாற்றி, தமிழில் எழுதினால் ஒரு வரி இப்படி இருக்கும்:

லேப்2லேசர் ஸ்டூடன்ட் 4417 [நாள், நேரம், +0530] டோட்டல் 112 - 192.168.4.31 ஃபைனல்ரிப்போர்ட் ஏ4 ஒன்சைடட்

பிரிண்டர், பயனர், வேலை எண், நேரம், மொத்தப் பக்கம், கணக்குக் குறி (எங்களுக்கு இல்லை, அதனால் ஒரு கோடு), வந்த கணினியின் முகவரி, ஆவணத் தலைப்பு, தாள் அளவு, ஒருபக்கமா இருபக்கமா. வரிசை தெரிந்துவிட்டால் பால் கணக்கு நோட்டைப் போல விரல் வைத்துப் படித்துக்கொண்டு போகலாம்.

பெரும்பாலான வரிகளில் பயனர் "ஸ்டூடன்ட்". ஒரு சில வரிகளில் மட்டும் இறுதியாண்டு மாணவன் ஒருவனின் பெயர். அலுவலகம் அவனைக் கூப்பிட்டுவிடத் தயாராக இருந்தது. நான் தடுத்தேன். பாஸ்வேர்டு கேட்காத சர்வரில் அந்தப் பெயர், அனுப்பும் கணினி தானாகச் சொல்லிக்கொள்வது. சர்வர் அதைச் சரிபார்ப்பதில்லை. சொன்னதை எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் அதே நேரத்து ஆக்சஸ் லாக் வரியைப் பாருங்கள். பயனர் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால், யாருடைய அடையாளமும் சோதிக்கப்படவில்லை என்று பொருள். எங்களுடையதில் எல்லா வரியிலும் கோடுதான்.

முகவரியைப் பிடித்துப் போகலாம் என்றால், எங்கள் ஆய்வகத்தில் முகவரிகள் ரவுட்டர் அன்றன்றைக்குக் கொடுப்பவை. நேற்று 31ஆக இருந்த கணினி இன்று 40. ரவுட்டரின் பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபோது, அந்தப் பெயருள்ள வரிகள் எல்லாம் ஜன்னலோரப் பொதுக் கணினி ஒன்றிலிருந்து வந்தவை. அவன் எப்போதோ உள்ளே நுழைந்துவிட்டு வெளியேறாமல் போயிருக்கிறான். பின்னால் உட்கார்ந்தவர்கள் எல்லாம் அவன் பெயரில் எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள்.

சரி, பேப்பர் எங்கே போனது? தலைப்பு வாரியாக அடுக்கியதும் விடை வந்தது. ஒரே தலைப்பு, ஒரே கணினி, சில நிமிட இடைவெளியில் மீண்டும் மீண்டும், ஒவ்வொரு முறையும் முழு அறிக்கை. இடது ஓரம் போதவில்லை என்று வழிகாட்டி திருப்பி அனுப்பினால், மாணவர்கள் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துச் சரிபார்ப்பதில்லை. நூற்றுச் சொச்சம் பக்கத்தையும் எடுக்கிறார்கள். அதுவும் ஒருபக்கமாக, ஏனென்றால் துறையின் விதி அப்படி. திருடனைத் தேடப் போனதில் பக்க ஓரம் பிடிபட்டது.

இன்னொன்று. பேஜ் லாக் கூட்டலும் பிரிண்டரின் சொந்த மீட்டரும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகவும் போகாது. ஆவணத்தைப் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் ஃபில்டர், மாற்றிய பக்கத்தைச் சொல்லும். கப்ஸ் அதை எழுதிக்கொள்ளும். பாதியில் பேப்பர் சிக்கியதோ, யாரோ பிளக்கைப் பிடுங்கியதோ அதற்குத் தெரிய வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியே முழுவதும் தயார் செய்து "ரா" வரிசையில் தள்ளும் வேலைகளுக்குப் பக்க எண்ணிக்கையை நம்பவே முடியாது. எவ்வளவு பேப்பர் என்ற கேள்விக்கு மீட்டர், எதற்காக என்ற கேள்விக்கு லாக். நான் அலுவலகத்துக்கு இரண்டையும் தனித்தனியாகவே எழுதிக் கொடுத்தேன்.

ஆம்பூர் பேக்கிங் லிஸ்ட் எழுதியது:

சார், எங்கள் கதையில் பேப்பர் போகவில்லை, பேப்பரே வரவில்லை. ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் லாரியோடு சென்னைத் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். சாயங்காலம் லாரி புறப்படும் நேரம் பார்த்துப் பிரிண்டர் மௌனமாகிவிடும். உடனே எல்லோரும் பிரிண்ட் பட்டனை மறுபடி மறுபடி அழுத்துவார்கள். வரிசை நீளும். யாரோ பிரிண்டரை அணைத்துப் போடுவார்கள். அப்புறம் ஒரே இன்வாய்ஸ் கட்டுக்கட்டாக வந்து விழும், கத்தரிக்காய் மூட்டை அவிழ்ந்த கணக்கில் தரையெல்லாம் உருளும்.

ஃபியூசர் போய்விட்டது, போர்டு போய்விட்டது என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் எரர் லாகைத் திறந்தேன். ஒவ்வொரு வரியும் ஓர் ஆங்கில எழுத்தில் தொடங்கும். 'ஈ' என்றால் பிழை, 'டபிள்யூ' எச்சரிக்கை, 'ஐ' தகவல், 'டி' பிழைதேடும் விவரம். எங்களுடையதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, ஏனென்றால் வழக்கமான அமைப்பில் எச்சரிக்கைக்குக் கீழே உள்ளதை அது எழுதாது. கப்ஸ்சிடிஎல் கட்டளையில் டீபக் லாகிங்கை, அதாவது பிழைதேடும் விவரத்தையும் எழுதும் அமைப்பை, போட்டுவிட்டு மறுநாள் சாயங்காலத்துக்குக் காத்திருந்தேன். வரிகள் வெள்ளமாக வந்தன. அந்த வெள்ளத்தில் நீந்த ஒரே வழி வேலை எண். வேலை தொடர்பான ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குள் "ஜாப்" என்று எண் இருக்கும். அந்த எண்ணை மட்டும் தேடி எடுத்தால் ஒரு வேலையின் கதை முதலிலிருந்து கடைசி வரை தனியாக வந்துவிடும்.

எங்கள் வேலையின் கதையில் பிழையே இல்லை. ஃபில்டர் ஓடியது, பிரிண்டரோடு தொடர்பு கிடைத்தது, தரவு போனது, அதன் பிறகு பிரிண்டர் தாளுக்காகக் காத்திருப்பதாகத் தகவல். டிரேயிலோ தாள் நிறைய இருக்கிறது! பேஜ் லாகில் ஒரு சொல் காட்டிக்கொடுத்தது. மற்ற வேலைகளின் தாள் அளவு ஏ4. நின்றுபோனவற்றில் எல்லாம் லெட்டர்.

அமெரிக்க வாடிக்கையாளர் அனுப்பும் படிவங்கள் லெட்டர் அளவில் வருகின்றன, 216க்கு 279 மில்லிமீட்டர். நம்முடையது 210க்கு 297. பிரிண்டர் லெட்டர் தாளைப் போடச் சொல்லி விளக்கைக் கண்சிமிட்டிக்கொண்டு நின்றிருக்கிறது; அது நின்றதால் பின்னால் வந்த ஏ4 வேலைகளும் நின்றன. அமெரிக்க நேரப்படி அவர்களுடைய மின்னஞ்சல் நமக்குச் சாயங்காலம்தான் வரும் என்பதால்தான் சாயங்காலப் பிரச்சினையானது. பக்கத்தைத் தாளுக்குப் பொருத்தும் அமைப்பை அந்த வரிசைக்கு நிரந்தரமாக வைத்ததோடு தீர்ந்தது. டீபக்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் லாக் டிஸ்கைத் தின்றுவிடும்.

சத்துவாச்சாரி நகலகம் எழுதியது:

சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடை. ஐந்து கணினிக்கும் ஒரு பிரிண்டருக்கும் நடுவே ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை சர்வராக வைத்திருக்கிறேன், செலவு குறைவு என்று. கோடையில் கரண்ட் போவதும் வருவதும் வேலூரில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கவனித்தது நேரத்தை. நாலாம் தலைமுறை வரையிலான ராஸ்பெர்ரி பையில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். இணையம் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். எங்கள் தெருவில் கரண்ட் வந்த பிறகும் இணையம் வர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் எடுத்த பிரிண்ட் எல்லாம் லாகில் மின்வெட்டுக்கு முந்தைய நேரத்தில் எடுத்ததாக இருக்கும். பதினொன்றே முக்காலுக்கு வந்த வாடிக்கையாளரின் ஹால் டிக்கெட் பத்தரை மணிக் கணக்கில் ஏறியிருக்கும். வேலை எண்ணை வைத்துப் படித்தால் வரிசை மாறாது. எண் ஏறிக்கொண்டேதான் போகும், நேரம்தான் பின்னால் போகும். இப்போது கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கிச் செருகிவிட்டேன்.

பணத்தகராறு ஒன்றும் இதில் உண்டு. கரண்ட் போகும்போது ஓடிக்கொண்டிருந்த வேலையை, திரும்பி வந்ததும் கப்ஸ் முதல் பக்கத்திலிருந்து மறுபடி அனுப்புகிறது. ஒரே வேலை எண்ணுக்கு முதல் பக்கம் இரண்டு முறை வந்திருந்தால் அதுதான் காரணம். வாடிக்கையாளரிடம் அதற்குக் காசு கேட்பதில்லை. வேலையாள் கேட்டுவிடுகிறான், அது வேறு கதை.

வாலாஜா தணிக்கை எழுதியது:

எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வர். கப்ஸ் நண்பர்கள் கொடுத்து வைத்தவர்கள். இங்கே பிரிண்ட் பதிவு வழக்கமாக அணைந்தே இருக்கிறது. விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் பிரிண்ட்சர்வீஸ் என்பதன் கீழே ஆபரேஷனல் என்று ஒன்று இருக்கும், அதை நாமே இயக்க வேண்டும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் 307 என்ற எண்ணில் ஒரு நிகழ்வு விழும்: யார், எந்தக் கணினி, எந்த பிரிண்டர், எத்தனை பக்கம்.

தணிக்கைக்காரன் புத்தியோடு ஒரு எச்சரிக்கை. 307இல் உள்ள பக்கம் ஒரு பிரதிக்கானது. பத்துப் பக்க இருப்புநிலைக் குறிப்பை ஆறு பிரதி எடுத்தாலும் பத்து என்றுதான் காட்டும். பிரதிகளின் எண்ணிக்கை 805 என்ற எண்ணுள்ள நிகழ்வில் இருக்கிறது. இரண்டையும் வேலை எண்ணால் இணைத்துப் பெருக்க வேண்டும். ஆவணத் தலைப்பும் வராது, எல்லாமே "பிரிண்ட் டாக்குமென்ட்" என்றிருக்கும். குரூப் பாலிசியில் (கணினிகளுக்கெல்லாம் பொதுவாக விதிக்கும் அமைப்பில்) அனுமதித்தால்தான் உண்மைத் தலைப்பு தெரியும். நாங்கள் அனுமதிக்கவில்லை. வாடிக்கையாளர் பெயரைத்தானே கோப்புக்கு வைக்கிறோம்.

பாகாயம் ஆசிரியை எழுதியது:

எங்கள் பள்ளியிலும் கப்ஸ்தான். இரண்டு சந்தேகம். ஆக்சஸ் லாகில் 401 என்று நிறைய வருகிறது, யாராவது உள்ளே நுழையப் பார்க்கிறார்களா? வாலாஜா சார் சொன்னதைப் படித்ததும் இன்னொரு பயம்: காலாண்டுத் தேர்வு வினாத்தாளை அந்த பிரிண்டரில்தான் எடுக்கிறோம், அது சர்வரில் தங்கிவிடுமா?

காட்பாடி ஜங்ஷன் எழுதியது:

401ஐத் தனியாகப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். பாஸ்வேர்டு தேவைப்படும் செயலுக்கு, கணினி முதலில் பாஸ்வேர்டு இல்லாமலே கேட்கும். சர்வர் 401 என்று மறுக்கும். உடனே பாஸ்வேர்டோடு மறுபடி கேட்கும். அடுத்த வரியில் அதே முகவரியிலிருந்து 200, அதாவது கோரிக்கையை வாங்கிக்கொண்டேன் என்ற குறி, இருந்தால் எல்லாம் வழக்கப்படி. 401 மட்டும் தொடர்ந்து வந்து 200 வராமலே இருந்தால்தான் அந்தக் கணினி யாருடையது என்று பாருங்கள். 200க்கும் ஒரு குணம் உண்டு மேடம். அது கோரிக்கை வந்து சேர்ந்ததைத்தான் சொல்கிறது. வரியின் கடைசியில் இன்னொரு முடிவு இருக்கும். அங்கே கிளையன்ட் எரர் என்று தொடங்கினால், 200 இருந்தாலும் வேலை நடக்கவில்லை.

வினாத்தாளைப் பற்றிய பயம் நியாயமானது. பேஜ் லாகில் தலைப்பு மட்டும்தான் இருக்கும். "பத்தாம் வகுப்பு கணிதம்" என்று கோப்புக்குப் பெயர் வைக்காமல் இருந்தால் அது போதும். ஆவணமே வேறு இடத்தில் தங்குகிறது. வேலைகள் தற்காலிகமாகத் தங்கும் ஸ்பூல் அடைவில் 'டி' என்று தொடங்கி வேலை எண்ணோடு ஒரு கோப்பு இருக்கும், வழக்கமான அமைப்பில் பிரிண்ட் முடிந்து ஒரு நாள் வரைக்கும். அதுவரை மறுபடி பிரிண்ட் எடுக்கவும் முடியும். பிரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ் என்ற அமைப்பை "நோ" என்று மாற்றி சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள், வேலை முடிந்ததும் கோப்பு அழிந்துவிடும். அந்த அடைவைத் திறக்க ரூட் (சர்வரின் முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்டு வேண்டும். உங்கள் பள்ளியில் அது யார் யாரிடம் இருக்கிறது என்று தேர்வுக்கு முன் தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் அதை மானிட்டரின் பின்புறம் ஒட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.