ஏழு டெஸ்ட், 2,857 விக்கெட்

கார்த்தி: முதல்தரக் கிரிக்கெட்டில் (டெஸ்டும் உள்ளூர்ப் பல நாள் ஆட்டங்களும் சேர்த்து) அதிக விக்கெட் எடுத்தவர்கள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்துக்குள் டெரெக் ஷாக்கிள்டன் என்று ஒருவர் இருக்கிறார், 2,857 விக்கெட். டெஸ்டில் பார்த்தால் 18தான். யார் பெரியப்பா இவர்?

பெரியப்பா: நல்ல ஆளைப் பிடித்திருக்கிறாய். இங்கிலாந்தில் ஹேம்ப்ஷயர் கவுன்டி (மாவட்ட) அணிக்காரர் என்று எல்லாரும் சொன்னாலும் பிறந்தது யார்க்ஷயர் பக்கம், டாட்மார்டனில், 1924ல். 1948ல் ஹேம்ப்ஷயரில் சேரும்போது அவர் பேட்ஸ்மேன், கூடவே கொஞ்சம் லெக் ஸ்பின் போடுவார். அணியில் சீம் (பந்தின் தையல்) தரையில் பட்டு நகரும்படி போட ஆள் போதவில்லை, இவரைப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த வருடமே 100 விக்கெட்! அப்புறம் 1968 வரை ஒரு சீசன்கூட 100க்குக் கீழே போகவில்லை, தொடர்ந்து 20 சீசன். வேறு எவருக்கும் இது வாய்க்கவில்லை. வில்ஃப்ரெட் ரோட்ஸ் 23 சீசனில் 100 எடுத்தார், ஆனால் அவருடையது இடைவெளி இல்லாமல் வந்த வரிசை கிடையாது.

சித்தப்பா: அண்ணா, கவுன்டியில் எடுத்ததெல்லாம் சரி. டெஸ்டில் சராசரி 42க்கு மேல், ஒரு விக்கெட்டுக்கு அத்தனை ரன் கொடுத்தார். பெரிய ஆட்டக்காரர்கள் எதிரே நின்றபோது எடுபடவில்லை என்றுதானே அர்த்தம்?

பெரியப்பா: ஏழே டெஸ்டை வைத்து அப்படி முடிவு கட்டாதே. அந்தக் காலத்தில் இங்கிலாந்திடம் பெட்ஸர், ஸ்டாதம், ட்ரூமன், பெய்லி, டைசன் என்று வரிசையாக ஆட்கள் இருந்தார்கள். ஷாக்கிள்டன் மிதவேகம்தான். மழையில் நனைந்த ஆடுகளத்தைப் பல நேரம் மூடாமலே விட்ட காலம் அது, அதில் அவர் பந்து என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டுக் காய்ந்த தரையில் அந்த உதவி கிடைக்காது. 1951-52 இந்தியச் சுற்றுப்பயணத்துக்கு வந்தார், டெல்லியில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். நாம் முதன்முதலாக ஜெயித்த சென்னை டெஸ்ட் அதே தொடர்தான், அதில் அவர் இல்லை.

சுதா: மிதவேகம் போட்டு 2,857 விக்கெட் எப்படி வரும்? வேகம் இல்லாத பந்தை அடித்துவிட மாட்டார்களா பெரியப்பா?

பெரியப்பா: அடிக்க இடமே கொடுக்க மாட்டாரே அம்மா. சீம் நிமிர்ந்தபடி வரும், போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப விழும், அங்கிருந்து கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ நகரும். எந்தப் பக்கம் என்று தெரிவதற்குள் மட்டையின் ஓரத்தில் பட்டுவிடும். 1955ல் வெஸ்டன்-சூப்பர்-மேரில் சாமர்செட்டுக்கு எதிராக 11.1 ஓவர், அதில் 7 மெய்டன் (ரன்னே கொடுக்காத ஓவர்), 4 ரன் கொடுத்து 8 விக்கெட். சாமர்செட் மொத்தமே 37 ரன். அந்த ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 29 ரன்னுக்கு 14 விக்கெட்.

கார்த்தி: 4 ரன்னுக்கு 8 விக்கெட்டா!!

பெரியப்பா: ஆமாம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1962. அந்த ஒரு கோடையில் 1,700 ஓவருக்கு மேல் போட்டு 172 விக்கெட் எடுத்தார், அப்போது வயது 37. இன்று கட்டாந்தரை, நாளை சேறு, வாரத்தில் ஆறு நாள் ஆட்டம், ஒரு ஊரில் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் பயணம், அங்கே போய் மறுபடியும் புதுப் பந்தோடு முதல் ஓவர். டெஸ்டில் ஐந்து நாள் உழைப்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த உழைப்பை வெறும் கவுன்டி விக்கெட் என்று தள்ளினால் எனக்கு மனசு ஆறாது.

சித்தப்பா: சரி அண்ணா, ஆனால் கோப்பை?

பெரியப்பா: 1895லிருந்து கவுன்டி சாம்பியன்ஷிப் ஆடிய ஹேம்ப்ஷயர் முதன்முதலாக ஜெயித்தது 1961ல். போர்ன்மத்தில் டெர்பிஷயரைச் சுருட்டிய கடைசி இன்னிங்ஸில் ஷாக்கிள்டனுக்கு 6 விக்கெட். கேப்டன் இங்கிள்பி-மெக்கன்சியின் துணிச்சலைத்தான் எல்லாரும் பேசுவார்கள், அதுவும் நியாயம்தான், ஆனால் இப்படி ஒரு பந்துவீச்சாளர் கையில் இருந்ததால்தான் அவரால் துணிய முடிந்தது.

சுதா: அப்புறம் இங்கிலாந்து கூப்பிடவே இல்லையா?

பெரியப்பா: 1963ல் கூப்பிட்டார்கள், பதினோரு வருடம் கழித்து! லார்ட்ஸில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக. முதல் இன்னிங்ஸில் கடைசி மூன்று பேரை நாலு பந்தில் அனுப்பினார். இரண்டாவது இன்னிங்ஸில் 4 விக்கெட். தம்பி, பெரிய ஆட்டக்காரர்கள் எதிரே என்றாயே, எதிரணியில் சோபர்ஸ், கன்ஹாய், புட்சர் எல்லாம் இருந்தார்கள்.

சித்தப்பா: அது இங்கிலாந்தின் கவுட்ரி கையில் கட்டோடு இறங்கிய ஆட்டம்தானே?

பெரியப்பா: அதேதான். வெஸ்ட் இண்டீஸின் ஹால் போட்ட கடைசி ஓவர், இங்கிலாந்துக்கு 8 ரன் வேண்டும், ஆடுவது ஷாக்கிள்டனும் டேவிட் ஆலனும். நாலாவது பந்து ஷாக்கிள்டன் மட்டையில் படவில்லை, எப்படியாவது ஒரு ரன் என்று இருவரும் ஓடுகிறார்கள். பந்து வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் வோரெலிடம் வருகிறது. அவர் எறியவில்லை, கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்து ஷாக்கிள்டனை முந்தி ஸ்டம்பைத் தட்டினார். வோரெல் அவரைவிடப் பதினோரு நாள் மூத்தவர், இருவருக்கும் 38 வயது. அதற்கப்புறம்தான் காலின் கவுட்ரி உடைந்த கையோடு வந்து மறுமுனையில் நின்றார், ஆலன் கடைசி இரண்டு பந்தைத் தடுத்தார். 228க்கு 9, டிரா.

கார்த்தி: அவர் ஓய்வுக்கு அப்புறம்?

பெரியப்பா: 1969ல் ஹேம்ப்ஷயரோடு முடித்துக்கொண்டார். டார்செட் அணிக்கு ஆடினார், பள்ளியில் பயிற்சி கொடுத்தார், கொஞ்ச காலம் கவுன்டி அம்பயர். மகன் ஜூலியன் க்ளஸ்டர்ஷயருக்கு ஆடினார். 2007ல் காலமானார். ஹேம்ப்ஷயருக்கு மட்டும் அவர் எடுத்த 2,669 விக்கெட்டை அந்த அணியில் யாரும் தாண்டவில்லை.

சித்தப்பா: அண்ணா, இங்கிலாந்து அணிக்கு நான் இன்னமும் ஸ்டாதமைத்தான் முதலில் எடுப்பேன். ஆனால் அந்த லார்ட்ஸ் ஸ்கோர்கார்டை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

பெரியப்பா: ஸ்டாதமை நானும் எடுப்பேன். அனுப்புகிறேன், ட்ரூமன் 11 விக்கெட் எடுத்ததையும் அதிலேயே பார்.