திருத்தச் சொன்னால் சாட்ஜிபிடி கட்டுரையையே மாற்றி எழுதிவிடுகிறது: என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்கும் பெரியவர்களுக்கு ஏ2 (அடிப்படை) நிலையில் வகுப்பெடுக்கிறேன். அவர்களுடைய கட்டுரையைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னால், பிழையைச் சுட்டுவதோடு நில்லாமல் முழுவதையும் அதுவே எழுதித் தந்துவிடுகிறது. 'ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதிய மாணவர் மறுவாரமே 'டெல்வ்' (ஆழ்ந்து ஆராய்) என்ற சொல்லோடு வந்து நிற்கிறார்; பொருள் கேட்டால் விழிக்கிறார். இதை வகுப்பிலிருந்து விலக்கிவிடலாமா?

மறுமொழி 1:
விலக்க வேண்டியதில்லை, கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். 'திருத்து' என்றால் அது பிழையற்ற பிரதியைத்தான் தரும். 'எதையும் மாற்றாதே, பிழையுள்ள வரியையும் பிழையின் வகையையும் மட்டும் சொல், மூன்றுக்கு மேல் வேண்டாம்' என்று கேளுங்கள். நீங்கள் காட்டிய வாக்கியத்தில், 'நோ' என்னும் வினை பொதுவாகத் தொடர்வடிவம் ('நோயிங்' போன்ற '-இங்' வடிவம்) ஏற்காது என்பதையும், கால அளவைச் சொல்ல 'ஃபார்', தொடங்கிய நேரத்தைச் சொல்ல 'சின்ஸ்' என்பதையும் குறிப்பாகப் பெற்றுக்கொண்டு, 'ஐ ஹாவ் நோன் ஹிம்' என்ற வடிவத்தை மாணவரே தேடிக் கண்டடைந்தால்தான் அது மனத்தில் தங்கும்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. மூன்று பிழை கேட்டால், இல்லாவிட்டாலும் மூன்றைக் கண்டுபிடித்துத் தந்துவிடும். பிழையே இல்லாத என்னுடைய பத்தியைக் கொடுத்துச் சோதித்தேன். அது சொன்ன மூன்றும் வெறும் நடை விருப்பங்கள். ஆகவே ஆசிரியர் ஒருமுறை பார்க்காமல் மாணவர் கைக்குப் போகக் கூடாது. வாசிப்புப் பத்தி கேட்கும்போதும் 'ஏ2' என்ற பெயர் மட்டும் போதாது, நீங்கள் நடத்திய சொற்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.

மறுமொழி 3:
'டெல்வ்' மாணவரைப் பிடிக்க, இயந்திரம் எழுதியதைக் கண்டறியும் கருவிகளை நாடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இத்தகைய தன் கருவியை துல்லியம் குறைவென்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகக் கணித்தன. முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுதச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நான்கு கட்டுரைகளுக்குச் செய்து பார்த்தேன். முதல் மூன்றுக்குக் குறிப்பு மட்டும் தந்தது. நான்காவதை மறுபடி முழுதாக எழுதித் தந்துவிட்டது.

மறுமொழி 1:
உரையாடல் நீண்டால் அப்படி நழுவும். ஒவ்வொரு கட்டுரைக்கும் புதிய உரையாடலைத் தொடங்கி, அதே கட்டளையை மீண்டும் ஒட்டுங்கள்.