ஆஷ்டன் ஜென்டியின் பலமும் பலவீனமும்

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்):
வணக்கம். வெள்ளிக்கிழமை காலை பசியாறிக்கொண்டே கைப்பேசியில் அமெரிக்கக் காற்பந்தின் டிராஃப்ட் (கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) பார்த்தேன். லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணி 6ஆவது தேர்வாக ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்) ஜென்டியை எடுத்தது. அவரை எப்படி மதிப்பிடுவது என்று அண்ணன்மார் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (ஜார்ஜ்டவுன்):
தம்பி, 2024 பருவத்தில் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்காக 374 முறை பந்தை ஏந்தி 2,601 கெஜம் ஓடினார். கல்லூரி ஆட்டத்தில் ஒரே பருவத்தில் அதிக கெஜம் ஓடி 1988இல் பேரி சாண்டர்ஸ் படைத்த சாதனைக்கு 27 கெஜம்தான் குறைவு. ஆனால் எண்களைவிட அவருடைய சமநிலையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏறத்தாழ 5 அடி 8 அங்குல உயரமே உள்ளவர் என்பதால், இடுப்பைத் தாழ்த்தி ஓடும் அவரைத் தோளால் மோதுபவர் சறுக்கி விழுந்த பின்னும் அவருடைய கால்கள் நிற்பதில்லை.

பதில் (செந்தூல்):
ஏற்கிறேன் அண்ணே. எனினும், ஒரே பருவத்தில் அத்தனை மோதல்களைத் தாங்கிய உடம்பு எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதே என் கவலை. பென் ஸ்டேட் போன்ற வலுவான தற்காப்புக்கு எதிராக, கல்லூரி அணிகளுக்கான ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் 30 முறை ஓடியும் 104 கெஜமே கிடைத்தது. பந்தை எறியும் குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பாட்டத்திலும் அவர் இன்னும் தேற வேண்டும்.

பதில் (ஜார்ஜ்டவுன்):
கவலை நியாயமானது. ஆயினும் 2023இல் 43 பந்துகளைப் பிடித்து 569 கெஜம் சேர்த்தவர் அவர். அந்தத் திறனைப் பயிற்றுநர் பயன்படுத்தினால், நெரிசலுக்குள் ஓடும் சுமை குறையும்.