குற்றவியல் சட்டக் கைந்நூலுக்கு உதவி தேவை

குழுவிலுள்ள சட்டத்தரணிகளுக்கும் நீதிமன்ற உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கத்தில் இயங்கும் எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்காக, இலங்கையின் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையில் அடங்கும் முக்கிய குற்றங்களை எளிய தமிழில் விளக்கும் சிறு கைந்நூல் ஒன்றைத் தயாரித்து வருகிறேன்.

கொலை, கொள்ளை பற்றி எங்கள் ஊரில் எவரும் விளக்கம் கேட்பதில்லை. பட்டி மாடு களவு போவது, எல்லை வேலிக்கு நட்ட கதியாலைப் பிடுங்கி எறிவது, அதிலிருந்து மூளும் கைகலப்பு ஆகியவையே இங்குள்ளவர்களைப் பொலிஸ் நிலையத்துக்கு இழுக்கின்றன. அந்தக் கைகலப்பு வெறும் சிராய்ப்போடு முடிந்தால் 314ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். மண்வெட்டிப் பிடியால் விழுந்த அடியில் கை எலும்பு முறிந்துவிட்டால் அது கடுங்காயமாகி, தண்டனை பல ஆண்டுகளுக்கு உயர்கிறது. இந்த வேறுபாட்டை விளக்கவே கைந்நூலில் அதிக இடம் ஒதுக்கியுள்ளேன். குற்றப் பொறுப்புக்கான குறைந்த வயது 2018இல் 8இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டதையும் சேர்த்துள்ளேன். பொலிசைச் சொல்லிப் பிள்ளைகளை வெருட்டும் எங்களுக்கு அது அவசியம்தான்.

எனக்குத் தேவைப்படுவது, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் முதலாம் அட்டவணையின் தெளிவான தமிழ்ப் பிரதி. பிடியாணையின்றிக் கைது செய்யலாமா, பிணை உண்டா, எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பவற்றை அதுவே நிரல்படுத்துகிறது. வேலித் தகராறுகள் மத்தியஸ்த சபையில் எவ்வாறு தீர்க்கப்படுகின்றன என்பதை அனுபவத்தில் அறிந்தவர்களும், வரைவைப் பிழைதிருத்த முன்வருபவர்களும் உட்பெட்டியில் எழுதினால் பிரதியை அனுப்பிவைப்பேன்.