மடை திறக்க மூழ்கினார்களா?

ஏரிக்கரை: வாட்ஸப்பில் மறுபடியும் அதே கதை. "நூறு வருஷம் முன்பு வெள்ளத்தில் மூழ்கி மடை திறந்து ஊரைக் காத்தவன்தான் மடையன்." வெள்ளம் வடிவது கலிங்கு என்ற உபரிநீர்ப் போக்கி வழியாக, மடை வயலுக்குப் பாய்ச்ச. அரையடித் துளையில் எந்த வெள்ளம் வடியும்? மடையில் இரண்டு கல்தூண், குறுக்கே துளையிட்ட கல். அதன் வழியே மரக்கம்பு இறங்கும். நுனியில் இருக்கும் கூம்புக்கட்டை அடிக்கல் துளையில் உட்காரும். கம்பைத் தூக்கி ஆணி செருகினால் தண்ணீர் பாயும். மூழ்கவே வேண்டாம்.

வைகைக்காரன்: செங்கல்பட்டு ஏரியை வைத்து நாடு முழுக்க அளக்காதீர்கள். பாண்டிநாட்டுக் கண்மாயில் இருப்பது குமிழி, கண்மாய்க்குள்ளேயே அமைந்த மதகு. நீரோடித் துளையில் தண்ணீர், சேறோடித் துளையில் வண்டல். அடைப்பில் சேறு இறுகினால் மூழ்கித்தான் திறந்தார்கள்.

ஏரிக்கரை: கணக்குப் போடுங்கள். அரையடி விட்டத் துளை, மேலே பத்தடி தண்ணீர். கட்டையை அழுத்தும் பாரம் சுமார் 55 கிலோ. மூச்சடக்கி, காலூன்ற இடமின்றி அதைப் பிடுங்குவீர்களா? மேலே நெம்புகோல் போட்டால் எழும்பும்.

வைகைக்காரன்: கம்பு உளுத்து முறிந்தால் உங்கள் நெம்புகோல் எதை நெம்பும்? மூழ்கித்தான் திறந்தார்கள்.

சொல்லாய்வு: சொல்லையும் பாருங்கள். மடம் என்றால் அறியாமை, சங்கப்பாட்டிலேயே உண்டு. மடைப்பள்ளியில் சமைத்தவரும் மடையர்தான். வசவுக்கு ஏரி எதற்கு?

வைகைக்காரன்: தண்ணீர் திறப்பவரை எங்கள் பக்கம் மடையான் என்கிறோம்.

ஏரிக்கரை: எங்கள் பக்கம் நீர்க்கட்டி. அவரை யாரும் திட்டவில்லையே!

கழனி: கலிங்கு இல்லை, கலங்கல். அதில்தான் ஊர்ச்சண்டையே. அதன்மேல் நட்ட குத்துக்கல் இடுக்கில் களிமண்ணும் வைக்கோலும் திணித்து நீர்மட்டம் ஏற்றுவார்கள். கார்த்திகை மழை ஓயுமுன் அடைத்தால் கரை உடையும். தாமதித்தால் கடைமடை வயல் காயும்.

ஏரிக்கரை: கலிங்குதான். உடைப்பு விழும் நிலை வந்தால் ஊரே மண்வெட்டியோடு ஓடியாக வேண்டும். 1858 கட்டாய உழைப்புச் சட்டமே அதற்குத்தான். ஒற்றை ஆள் மூழ்கிக் காத்த கதை அந்த ஊராரின் உழைப்பை மறைக்கிறது. எனக்கு ஆத்திரம் அதில்தான்.

வைகைக்காரன்: ஊரார் கரையில் நின்றார்கள். உள்ளே இறங்கியவர் யார்? திறந்த துளை கையை உள்ளிழுத்தால் ஆள் மேலே வர மாட்டார். அந்த உயிருக்கு மதிப்பில்லையா?

ஏரிக்கரை: முறிந்த கம்பைச் சரிசெய்ய இறங்கியிருப்பார், மறுக்கவில்லை. அன்றாடம் திறந்தது மேலிருந்து.

வைகைக்காரன்: இறங்கினார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மூழ்கித்தான் திறந்தார்கள்.

ஏரிக்கரை: அன்றாடம் என்று எழுதியதை மறுபடி படியுங்கள்.

கழனி: கலங்கல்.