கஞ்சா டென்ட்டைச் சுத்தமாக வைத்திருப்பது எப்படி? வீட்டில் வளர்ப்பவர்களின் அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவின் முன்னும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பேஸ்மென்ட் தோட்டம்:
கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டில் நான்கு கஞ்சாச் செடி வரை வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. கியூபெக் மாகாணத்தில் அதுவும் கூடாது. அந்தத் தடை செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இருப்பதே நான்கு செடி என்பதால், ஒன்றில் பூஞ்சை விழுந்தாலே கால்வாசி விளைச்சல் போய்விடும். ஓர் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையில் டென்ட்டை, அதாவது விளக்கும் ஃபேனும் வைத்துச் செடி வளர்க்கும் துணிக்கூடாரத்தை, எப்படிக் கழுவுகிறீர்கள்?

ஈரத்துணி:
முதலில் விளக்கு, ஃபேன் எல்லாவற்றின் பிளக்கையும் கழற்றுங்கள். காய்ந்த இலை, மண், தூசியை வாக்குவம் கிளீனரால் எடுங்கள். ஜிப் ஓரமும் தரை மூலைத் தையலும்தான் அதிகம் தேங்கும் இடங்கள். அடுத்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திர சோப்பு சில சொட்டு விட்டு, மென்மையான துணியால் துடையுங்கள். ஸ்கிரப்பர் போட்டால் உள்பக்க வெள்ளிப் பூச்சு உரிந்துவிடும்.

பிளீச் அதற்குப் பிறகுதான். வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். பிறகு வெறும் தண்ணீரால் இருமுறை துடையுங்கள். கம்பியில் பிளீச் தங்கினால் துரு ஏறும். பலர் சோப்பை விட்டுவிட்டு நேராகப் பிளீச்சுக்குப் போகிறார்கள். அழுக்கு இருக்கும் இடத்தில் பிளீச்சின் வீரியம் அழுக்கோடே செலவாகிவிடும், கிருமி அப்படியே இருக்கும். கலந்து வைத்த கரைசலும் நாள்பட வீரியம் இழக்கும், அன்றன்று கலக்குங்கள்.

வினிகரையோ அமோனியா கலந்த கிளீனரையோ பிளீச்சோடு சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும். டென்ட் போன்ற மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

கத்தரிக்கோல்:
டென்ட்டை விடக் கத்தரிக்கோல் முக்கியம். ஒவ்வொரு செடிக்கும் பிறகு பிசினை 70% ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிடலாம். 99% வேண்டாம், அது சட்டென்று ஆவியாகிவிடும், கிருமியைக் கொல்ல நேரமிருக்காது.

நாற்று:
பிசினுக்கு ஆல்கஹால் சரி. ஆனால் ஹாப் லேட்டன்ட் வைராய்டை (வைரஸைவிடச் சிறிய, செடிகளைத் தாக்கும் நோய்க்கிருமி) அது ஒன்றும் செய்யாது. வளர்ச்சி குன்றி, தண்டு எளிதில் முறிந்து, பூவில் பிசின் குறைந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். பல செடிகளில் அறிகுறியே தெரியாது, அதனால்தான் கத்தரிக்கோல் வழியாகச் சத்தமில்லாமல் பரவுகிறது. மேலே சொன்ன அதே 1:9 பிளீச் கரைசல்தான் இதற்கும். இரண்டு கத்தரிக்கோல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று கரைசலில் ஊறட்டும், மற்றதால் வெட்டுங்கள், செடி மாறும்போது கத்தரிக்கோலையும் மாற்றுங்கள். ஊறும் நேரம் ஒரு நிமிடமாவது இருக்கட்டும். பிசின் ஒட்டியிருந்தால் முதலில் அதைத் துடைத்த பிறகே, கத்தி நன்றாகக் காய்ந்த பின் ஊறவையுங்கள். பிளீச்சும் ஆல்கஹாலும் கலக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

குளிர்ச்சுவர்:
வளரும் காலத்தில் சுத்தம் என்றால் பாதி ஈரத்தைப் பற்றியதுதான். பொட்ரைட்டிஸ் பூஞ்சை முதலில் பிடிப்பது உதிர்ந்த இலையையும் வாடிய திசுவையும். அங்கிருந்து அடர்ந்த பூவுக்குள் போகும். பூவின் நடுவே ஒரே ஓர் இலை மட்டும் மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வந்தால், அந்தப் பூவைப் பிரித்துப் பாருங்கள். தண்டோரம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். அதை ஒரு பையால் மூடிய பிறகே வெட்டுங்கள். வெறுங்கையால் உலுக்கினால் பூஞ்சை வித்துகள் டென்ட் முழுக்கப் பறக்கும்.

பூக்கும் காலத்தில் ஈரப்பதம் 40 முதல் 50% போதும். விளக்கு அணைந்ததும் வெப்பம் இறங்கி ஈரப்பதம் ஏறும், பகலில் மட்டும் மீட்டர் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. எக்ஸாஸ்ட் ஃபேனை இரவிலும் ஓடவிடுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் வடிந்த நீரை அன்றே எடுத்துவிடுங்கள்.

நம் ஊர்க் குளிரில் இன்னொரு சிக்கல் உண்டு. பேஸ்மென்ட் வெளிச்சுவரோடு டென்ட்டை ஒட்டி வைத்தால் பின்னால் நீர் கோத்து டிரைவாலில் (ஜிப்சம் பலகைச் சுவரில்) கறுப்புப் பூஞ்சை ஏறும். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். ஈரக்காற்றை வீட்டுக் கூரையடிப் பரணுக்குள் (ஆட்டிக்) விடுவது அதைவிட மோசம். அங்கே உறைந்து, வெயில் வந்ததும் உருகி மரத்தில் இறங்கும். காற்று வீட்டுக்கு வெளியேதான் போக வேண்டும்.

மஞ்சள் அட்டை:
மண்ணைச் சுற்றிப் பறக்கும் சின்னக் கறுப்பு ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை வைத்தால் எத்தனை இருக்கின்றன என்று தெரியும், அவ்வளவுதான். அவற்றின் புழு இருப்பது மேல்மண்ணில். மேலே 2-3 செ.மீ. காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள், பிடிஐ எனும் பாக்டீரியாத் தூளைப் பொட்டலத்தில் உள்ள அளவில் கலந்து ஊற்றுங்கள். சிலந்திப்பேன் பெரும்பாலும் வெளித்தோட்டத்து உடையிலும் புதுச்செடியிலும் தொற்றி வரும். தோட்ட வேலை முடித்த உடையோடு டென்ட்டைத் திறக்காதீர்கள். இலையின் அடிப்பக்கத்தை வாராவாரம் லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஈரத்துணி:
ஒன்று விட்டுப்போச்சு. காற்றின் ஈரத்தை எடுக்கும் டிஹ்யூமிடிஃபயரின் வாளியை வாராவாரம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உள்ளே வழவழப்பு படரும். வாசனையை உறிஞ்சும் கார்பன் ஃபில்டரின் வெளித்துணியைக் கழற்றித் துவைத்து, முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உள்ளிருக்கும் கரியில் தண்ணீர் படக் கூடாது. பவர் பாரை (பல பிளக் மாட்டும் பலகை) தரையில் வைக்காமல் கம்பியில் கட்டிவிட்டால் துடைக்கவும் வசதி, தண்ணீர் சிந்தினாலும் பயமில்லை.