நார்க்கட்டி: என் இரண்டு சென்டிமீட்டரும் அக்காவின் ஏழும்

எனக்கு 31 வயது. இரண்டு வருடமாக மாதவிலக்கு வந்தால் ஒன்பது, பத்து நாள் ஆகும். இரண்டாம் நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்துவிடும், கட்டி கட்டியாகவும் போகும். அம்மாவுக்கும் அப்படித்தானாம். சரி, நம் உடல்வாகு என்று இருந்துவிட்டேன். மாடிப்படி ஏறினாலே நெஞ்சு படபடக்க ஆரம்பித்த பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஹீமோகுளோபின் 7.4. குறைந்தது 12 இருக்க வேண்டுமாம்.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் 2 செ.மீ. நார்க்கட்டி என்று வந்தது. "நீர்க்கட்டிதானே, நிறைய பேருக்கு இருக்கே" என்றார்கள் வீட்டில். நீர்க்கட்டி சினைப்பையில் வருவது. இது கர்ப்பப்பையின் தசையிலேயே உருண்டு வளர்வது. புற்றுநோயா என்று கேட்டு அழுதேன். அது மிக மிக அரிது என்றார் டாக்டர்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். என் அக்காவுக்கு 7 செ.மீ. கட்டி. அடிக்கடி சிறுநீர் வருவதைத் தவிர அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. டாக்டர் தாளில் வரைந்து காட்டினார். அக்காவுடையது கர்ப்பப்பைக்கு வெளிப்பக்கமாக வளர்ந்து சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. என்னுடையது உள்ளறைக்குள் துருத்திக்கொண்டு இருக்கிறது. அந்த இடத்தில் சின்னக் கட்டி கூட ரத்தத்தைக் கொட்ட வைக்கும், கரு தங்குவதையும் கெடுக்கும். ஸ்கேன் எடுத்தவர்கள் எத்தனை சென்டிமீட்டர் என்பதோடு நிற்காமல், எந்த இடத்தில் என்றும் கேளுங்கள்.

வயிற்றில் வெட்டாமல், பிறப்புறுப்பு வழியாகவே குழாய்க் கேமரா விட்டு எடுத்தார்கள். மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது மாதவிலக்கு ஐந்தே நாள்தான்.

பதில்:
எனக்குக் கட்டி இருப்பதே கர்ப்பமான பிறகுதான் தெரிந்தது. 17ஆவது வாரத்தில் ஒரு ராத்திரி, வலது பக்கம் ஒரே இடத்தில் தாங்க முடியாத வலி, லேசான காய்ச்சல். குழந்தைக்கு என்னவோ என்று நடுங்கிப்போனேன். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. கட்டிக்கு ரத்தம் போதாமல் அது உள்ளுக்குள் நசிந்ததால் வந்த வலியாம். ஓய்வு, பாரசிட்டமால், நான்கு நாளில் அடங்கியது. அப்புறம் சுகப்பிரசவம். இந்த நேரத்தில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், இப்யூபுரூஃபன் போன்றவை வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

பதில்:
"ஒரு குழந்தை இருக்கே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்றார் நான் முதலில் பார்த்த டாக்டர். அப்போது எனக்கு 34. இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசையை விட முடியவில்லை. வேறொரு டாக்டர் நான்கு கட்டிகளை மட்டும் எடுத்துக் கர்ப்பப்பையைக் காப்பாற்றிக் கொடுத்தார். சுவரை ஆழமாக வெட்டித் தைத்ததால் அடுத்தது சிசேரியன்தான் என்று அப்போதே எழுதியும் தந்தார். மூன்று வருடம் கழித்து மறுபடி சின்னதாக ஒன்று தெரிகிறது. தொந்தரவில்லை, கண்காணிப்பு மட்டும்தான். அந்த அறுவை சிகிச்சைக் குறிப்பைத் தொலைத்துவிடாதீர்கள் தோழிகளே. இரண்டாவது பிரசவத்துக்குப் போனபோது முதலில் கேட்டது அதைத்தான்.